கொத்தனாரா, கையெழுத்தா, கணக்கா?

தை பிறந்த மறுவாரம் சித்தப்பாவும் சித்தியும் என் வீட்டுக்கு வந்தார்கள். சித்தியின் கையில் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. அதற்குள் நான்கு சென்ட் மனையின் பத்திர நகலும், மூன்று பேர் தனித்தனியே எழுதிக் கொடுத்த மூன்று தாள்களும் இருந்தன. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை நெல் விளைந்த இடம் அது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, மொத்தம் 2,100 சதுர அடி. சித்தப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் அதற்குள் போகப்போகிறது.

முதல் தாள் கொத்தனார் எழுதியது. பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,350 ரூபாய். அஸ்திவாரம் ஐந்தடி, பில்லர் ஒன்பதுக்கு ஒன்பது, கம்பி இன்ன அளவு என்று ஒரே பக்கத்தில் முடித்திருந்தார். இரண்டாவது, நகரத்தில் பிளான் போட்டு அனுமதி வாங்கித் தரும் ஒருவருடையது. வரைபடம், கையெழுத்து, அனுமதி எல்லாவற்றுக்கும் ஒரே தொகை. கடைசி வரியில் 'ஸ்டிரக்சுரல் டிராயிங் இலவசம்', அதாவது அஸ்திவாரம், பில்லர், கம்பி அளவுகளைக் காட்டும் வரைபடம் இலவசம், என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். மூன்றாவது, நான் மதிக்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கொடுத்தது. மண் பரிசோதனை, கணக்கு, வரைபடங்கள், வேலை நடக்கும்போது பத்து முறை நேரில் வருவது என்று பிரித்துப் பிரித்து எழுதி, மொத்தம் 90,000 ரூபாய் கேட்டிருந்தார்.

"கொத்தனார் அண்ணாச்சி எங்கள் பக்கத்தில் மட்டும் நாற்பது வீடு கட்டியவர். ஒன்றும் இடிந்து விழவில்லை. இந்த மூன்றாம் ஆள் மண்ணைப் பார்ப்பதற்கே பணம் கேட்கிறார். நீ இந்தத் தொழிலில் இருக்கிறாய். எங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று மறைக்காமல் சொல்" என்றார் சித்தி.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் தொழில் இதுதான். உறவினர் வீட்டுக்கு நானே கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. கறாராக இருக்க வேண்டிய இடத்தில் கறாராக இருக்க முடியாமல் போகும். ஆனால் சித்தி கேட்ட கேள்வியை இந்த ஊரில் வீடு கட்டப்போகும் எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் கேட்கிறார்கள். அன்று அவர்களிடம் சொன்னதை விரித்து இங்கே எழுதுகிறேன்.

கொத்தனாரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் படித்தவர்கள் அவரைத்தான் முதலில் தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்து நாற்பது வீடு எழுப்பிய கைக்குத் தெரிந்தவை பல, எந்தக் கணினியிலும் இல்லை. செங்கல்லைத் தட்டிப் பார்த்தே வெந்ததா வேகாததா என்று சொல்லிவிடுவார். கல்லிடைக்குறிச்சியிலும் திருநெல்வேலி டவுனிலும் கட்டை குத்தித் தளம் போட்ட மச்சு வீடுகள் நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்களிடம் எந்தச் சான்றிதழும் இருந்ததில்லை. தடித்த சுவர், சிறிய அறை, குறைந்த உயரம் என்ற வரம்புக்குள் அந்த அனுபவ அறிவு மிகவும் உறுதியானது.

வரம்பு மாறிவிட்டது என்பதுதான் சிக்கல். சுவர் சுமந்த வீட்டை இன்று பில்லர் சுமக்கிறது. முற்றத்தைச் சுற்றி அறைகள் இருந்த இடத்தில் இருபதடி ஹால் கேட்கிறோம். கீழ்வீட்டில் சுவர் இல்லாத இடத்துக்கு மேலே மாடியில் சுவர் வைக்கச் சொல்கிறோம். தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறோம். அது மட்டுமே இரண்டு டன். கொத்தனாரின் சூத்திரங்கள் இவை எல்லாவற்றுக்கும் முன்பு பிறந்தவை.

சித்தப்பாவுக்கு ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டின் நடுவில் இருக்கும் ஒரு பில்லரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடிப் பரப்பு அதன் பங்குக்கு வருகிறது, அதாவது 13 சதுர மீட்டருக்குச் சற்று மேல். தளம், உத்திரம், சுவர், பூச்சு, தரை ஓடு, புழங்கும் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்குக் குறைந்தது ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு தளத்துக்கு ஏறத்தாழ 27 டன். கொத்தனார் எழுதிய 'ஒன்பதுக்கு ஒன்பது, நான்கு 12 எம்.எம். கம்பி' என்ற பில்லர், வீடுகளுக்கு வழக்கமான எம்20 தரக் கான்கிரீட்டில் சரியாக வார்க்கப்பட்டு, சுமை நேராக அதன் நடுவில் இறங்கினால் 38 டன் வரை பாதுகாப்பாகத் தாங்கும். சுமை எப்போதும் நடுவில் இறங்குவதில்லை, அதனால் உண்மையான அளவு இன்னும் குறைவு. ஆனாலும் இரண்டு தளத்துக்கு அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. இதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது.

"பிறகு பேரப்பிள்ளைகளுக்கு மேலே ஒரு மாடி எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?" என்று கேட்டார்.

அங்கேதான் கணக்கு முறிகிறது. மூன்றாவது தளம் வந்தால் 40 டன். ஒன்பதுக்கு ஒன்பது பில்லர் தன் எல்லையைத் தாண்டிவிடும். இன்று தாளில் ஒரு வரி மாற்றினால் தீரும் விஷயம், பத்து ஆண்டு கழித்துப் பில்லரைச் சுற்றிக் கவசம் கட்டுவதில் லட்சக்கணக்கில் போய் நிற்கும். இந்தக் கேள்வியைக் கொத்தனார் கேட்கவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை. மாடி மேல் மாடி எடுக்கும் ஆசை ஏறத்தாழ எல்லோர் மனத்திலும் இருக்கிறது. ஆனால் அதை முதல் நாளே தாளில் எழுதச் சொல்லி வற்புறுத்துவது கணக்குப் போடுகிறவர் மட்டும்தான்.

பில்லரைவிடப் பெரிய வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது. அந்த 27 டன்னோடு அடித்தளத்தின் எடையும் சேர்ந்து 30 டன் ஆகிறது என்று கொள்வோம். சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் கெட்டியான சரளை மண்ணில் ஒன்றரைச் சதுர மீட்டர் போதும். நம் கொத்தனார்கள் வழக்கமாகப் போடும் நான்கடிக்கு நான்கடி அடித்தளம் அதே அளவுதான். பத்து டன் மட்டுமே தாங்கும் வயல் களிமண்ணில் அதே பில்லருக்கு ஐந்தே முக்கால் அடிச் சதுரம் வேண்டும். நான்கடிச் சூத்திரம் ஒரு மனையில் முழுச் சரி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு மனையில் பாதித் தவறு. இரண்டும் மேலே பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும், அதுவும் மனை பிரித்தவர்கள் செம்மண் அடித்து மட்டம் செய்து, கல் ஊன்றி, விளம்பரப் பலகை வைத்த பிறகு.

நம் சீமை ஒரே மண் அல்ல. மானூரைத் தாண்டி வடக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று போனால் கரிசல். மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சாதாரண அடித்தளத்தை அது ஆண்டுக்கு ஒரு முறை தூக்கி இறக்கும். அங்கே அந்த ஆட்டம் எட்டாத ஆழத்துக்கு இறங்கி, அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூணான பைல்தான் பெரும்பாலும் நல்லது. சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் தேரி எனப்படும் செம்மணல். உவரி, காயல்பட்டினம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். அங்கே இன்னும் வலுவான கான்கிரீட்டும், கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டான கவர் கூடுதல் கனத்திலும் வேண்டும். பாளையங்கோட்டைக் கொத்தனாரைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் வீடு கட்டச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. நம்பிக்கைக்குரிய ஆள் என்பது காரணம். ஆனால் அவரோடு அவருடைய மண் கூடப் போவதில்லை.

அவருடைய கைக்கணக்கை மாற்றிய இன்னொரு சங்கதி மணல். தாமிரபரணி மணலில் பழகிய கை அது. ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அந்தத் தீர்ப்பை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆற்றைத் தின்று வீடு கட்டக்கூடாது. ஆனால் மணல் மாறியபோது யாரும் கொத்தனாரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆற்று மணல் உருண்டையானது, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் முனை முனையாக உடைந்தது. தூளும் அதிகம். அதனால் கலவை இறுக்கமாகத் தெரியும். பழைய பதம் வரும்வரை தண்ணீர் விடச் சொல்கிறது கை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்து 25 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 35 லிட்டர் போனால், கான்கிரீட்டின் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பார்வைக்கு அது இன்னும் வழவழப்பாக, இன்னும் அழகாக இருக்கும். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசியே வந்து இறங்குவது தனிக் கதை.

கொத்தனாரை மட்டும் நம்பிக் கட்டுவதன் நிலை இதுதான். அவருக்குப் பழக்கமான மண், சிறிய அறைகள், கீழ்த்தளம் மட்டும் என்றால் ஆபத்து குறைவு. அந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அவர் ஊகிக்கத் தொடங்குகிறார்.

இரண்டாம் தாளுக்கு வருகிறேன். மூன்றிலும் மோசமானது இதுதான் என்று சித்தியிடம் தயங்காமல் சொன்னேன். கொத்தனாரை மட்டும் வைத்துக் கட்டுவதைவிடவும் மோசம்.

காரணம் இது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். சித்தப்பாவின் மனை அந்த வரம்புக்குள் வருகிறது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல், நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இதன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டின் அஸ்திவாரம் போதுமா என்று அரசு பார்த்துச் சொல்லவில்லை. விதிப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், அரசு உங்களை நம்புகிறது. அந்த அனுமதித் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் அது கட்டடத்தின் உறுதிக்குச் சான்று ஆகாது.

'இலவசம்' என்று அடிக்கோடு போட்ட வரைபடம் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தொழிலுக்குள் இருப்பவர்கள் அறிவோம். வேறொரு வீட்டுக்காக எப்போதோ வரைந்த தாளில் பெயரும் சர்வே எண்ணும் மாறும். மண்ணின் தாங்குதிறன் என்ற இடத்தில் எப்போதும் ஒரே எண் இருக்கும். அதை யாரும் அளந்ததில்லை. சிமெண்டுக்கும் கம்பிக்கும் பேரம் பேசும் நாம், சிந்தனைக்கு விலையே வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போது சந்தேகப்படுவதில்லை. விலை இல்லையென்றால் அங்கே சிந்தனை நடக்கவில்லை.

இது ஏன் கொத்தனாரை மட்டும் நம்புவதைவிட மோசம்? தாள் இல்லாதபோது கொத்தனார் பயந்து கட்டுவார். குழியில் களிமண் தெரிந்தால் ஒரு அடி கூடத் தோண்டுவார், சந்தேகம் வந்தால் ஒரு கம்பி கூடப் போடுவார். கையெழுத்திட்ட தாள் கைக்கு வந்ததும் அந்தப் பயம் போய்விடுகிறது. "இன்ஜினியர் போட்டதுதான், நான் என்ன செய்ய?" என்று அவர் சொல்வார். கையெழுத்துப் போட்டவரோ மனையைப் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்ள, நடுவில் வீடு யாருடைய கவலையும் இல்லாமல் எழும்புகிறது.

இதில் தனி மனிதர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. வழக்கறிஞருக்கு 1961-ல் சட்டம் வந்தது, கட்டடக் கலைஞருக்கு 1972-ல் வந்தது. தவறு செய்தால் பெயரை நீக்க அவர்களுக்கு ஒரு மன்றம் இருக்கிறது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இன்னும் இல்லை. 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவு பெற்ற பொறியாளர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன, அது நல்ல தொடக்கம். ஆனால் வீட்டுக்காரர் கட்டணத்தில் நூறு ரூபாய் குறைப்பவரைத் தேடும்வரை, பொறுப்பாகச் செய்கிறவர் வேலை இழப்பார், கையெழுத்தை மட்டும் விற்கிறவர் செழிப்பார். திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி 1981 முதல் இருக்கிறது. அங்கே படித்து வந்த கூர்மையான பிள்ளைகள் சிலர் என்னிடம் வேலை பழகியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டில் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள். ஒரு வீட்டுக் கணக்குக்கு இங்கே கிடைக்கும் பணத்தில் மாத வாடகை கொடுக்க முடிவதில்லை. அவர்களை நான் எப்படித் தடுப்பேன்?

சிறிய வீட்டுக்கு இவ்வளவு தேவையா என்று சித்தப்பா கேட்டார். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அது பெரிய கட்டடம், நமக்கும் அதற்கும் என்ன என்று கடந்துபோகிறோம். 2021 டிசம்பர் 17 அன்று நம் திருநெல்வேலியிலேயே ஒரு பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஒரு சுவர்தான். அன்று மாலை நான் வரைபடம் எதையும் தொடவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் எத்தனை தடுப்புச் சுவர்களை 'அது சின்ன வேலை, கொத்தனார் பார்த்துக்கொள்வார்' என்று விட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தாளைப் புகழ்வதற்கு முன் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நான்கடி வெளியே நீளும் பால்கனி. அப்படி நீட்டி நிற்கும் தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். என் வரைபடத்தில் அது சரியாகவே இருந்தது. கான்கிரீட் போடும் நாளில் நான் போகவில்லை. கான்கிரீட் பாண்டு சுமந்தவர்கள் கம்பி மேல் நடந்து நடந்து, மேல்கம்பியைத் தாங்கி நிறுத்தும் 'சேர்' எனப்படும் முட்டுக் கம்பி போதாமல், அது இரண்டு அங்குலம் கீழே இறங்கிவிட்டது. ஐந்து அங்குலத் தளத்தில் நான்கு அங்குல உயரத்தில் நிற்க வேண்டிய கம்பி இரண்டு அங்குலத்துக்கு வந்தால் பால்கனியின் பலம் பாதி. தளத்தைத் தாங்கிய பலகையும் முட்டுமான சென்ட்ரிங்கைப் பிரித்த அன்றே சுவரை ஒட்டி மேலே நீளமாக ஒரு விரிசல். உடனே முட்டுக் கொடுக்கச் சொல்லி, அதை உடைத்து எடுத்து, மறுபடி வார்த்தோம். செலவில் பாதியை நான் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் அன்றைக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்களே, அம்மா" என்று மட்டும் சொன்னார்.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் மேற்கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக முதலில் வரைந்திருந்தார்கள். வேலை எளிதாக இருக்கட்டும் என்று அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்து, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையிலேயே தொங்கவிட்டார்கள். மேலே இருந்த இணைப்பின் சுமை இரண்டு மடங்கானது. மாற்றத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான இரண்டு பொறியாளர்களின் உரிமம் பறிக்கப்பட்டது. சங்கரன்கோவில் பால்கனிக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு. தாளில் இருப்பது ஒன்றாகவும் கட்டப்படுவது இன்னொன்றாகவும் ஆகும் அந்த நேரத்தில் பொறியாளர் அங்கே இல்லை.

ஆகவே மூன்றாம் தாளில் சித்தியை நான் பார்க்கச் சொன்னது 'பத்து முறை நேரில் வருவது' என்ற வரியை. கணக்கு நன்றாக இருந்து ஆள் வராமல் போவது பாதி மருத்துவம். அந்தப் பத்தில் நான்கை விட்டுக்கொடுக்கவே கூடாது. வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டி முடித்து, கான்கிரீட் விழுவதற்கு முன் அதைப் பார்ப்பது. பில்லர் கம்பியும் அதைச் சுற்றிய ரிங்குகளும் கட்டியபின், பலகைப் பாக்ஸ் அடைப்பதற்கு முன் பார்ப்பது. தளம் போடும் அன்று காலையிலிருந்து உடன் நிற்பது. சென்ட்ரிங் பிரிக்க நாள் குறிப்பது. கடைசியில் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாடகைப் பலகைக்கு நாள் கூலி ஏறுகிறதே என்று அவசரப்பட்டுப் பிரித்துவிடுகிறார்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி நாலரை மீட்டர் வரையிலான தளத்தின் முட்டுக்கு ஏழு நாள், ஆறு மீட்டர் வரையிலான உத்திரத்துக்குப் பதினான்கு நாள், அதற்கு மேல் இருபத்தொரு நாள் குறைந்தபட்சம் வேண்டும்.

ஆனி ஆடியில் தளம் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று குற்றாலத்தில் சாரலாக இருக்கலாம், பாளையங்கோட்டைக்கு வரும்போது அது வறண்டுவிடுகிறது. போட்ட இரண்டு மணி நேரத்தில் தளத்தின் மேல்ஈரத்தை உறிஞ்சி, நரம்பு நரம்பாக வெடிக்க வைத்துவிடும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஈரச்சாக்கோ தார்ப்பாயோ கொண்டு மூட வேண்டும்.

மூன்றாம் வழிக்கும் குறைகள் உண்டு. மண்ணைப் பாராமல் பயத்தில் கம்பியை அள்ளிக் கொட்டும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அந்த வீடு விழாது, ஆனால் வீட்டுக்காரர் விழுவார். ஆங்கிலத்தில் பத்துத் தாள் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கம்பி கட்டுகிறவருக்குப் புரியாத தாள் என்ன பயன்? தமிழில், பெரிய எழுத்தில், எத்தனை கம்பி, எத்தனை அங்குல இடைவெளி என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பணம் மிகவும் இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது. யாரும் அதை எழுதிக் கொடுப்பதில்லை, ஏனென்றால் அது பழைய பாணி. பில்லரே இல்லாமல், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே சுமக்கும் வீடு. அறை பன்னிரண்டு அடிக்குள், மேல் சுவருக்கு நேர் கீழே சுவர், ஜன்னலுக்கு மேல் ஜன்னல், பேஸ்மட்டத்திலும் கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட் என்று ஒழுங்காகக் கட்டினால், கெட்டி மண்ணில் கீழும் மேலுமாக இரண்டு தளம் நிம்மதியாக நிற்கும். கம்பிச் செலவு குறையும், கொத்தனாருக்கும் அது கைவந்த வேலை. பொறியாளருக்கு முழுக் கட்டணம் இல்லாமல், மண்ணைப் பார்க்கவும் அந்த நான்கு நாட்கள் வந்து நிற்கவும் மட்டும் கொடுக்கலாம். பில்லர் இல்லாத வீடு மதிப்பில்லாத வீடு என்ற எண்ணத்தால் இதை இழந்துகொண்டிருக்கிறோம். ஆனால் வயல் களியிலும் கரிசலிலும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மண் கொஞ்சம் அசைந்தாலும் சுவர் வெடித்துக் காட்டிவிடும்.

பணத்தைப் பற்றிச் சித்தி மறுபடி கேட்டார். வீட்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம். அதில் 90,000 என்பது நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. தலைவாசலுக்குத் தேக்கில் நிலையும் கதவும் செய்ய அவர்கள் ஒதுக்கியிருந்தது இதைவிட அதிகம். கதவைக் குறை சொல்லவில்லை. கதவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றேன். அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவருக்கு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு பொறுப்பு கட்டியவர் தலையில் இருக்கிறது. சொந்த மனையில் தானே கட்டுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யார் எதைப் பார்த்தார், என்று பார்த்தார் என்று எழுதி வாங்கிய தாள்தான் துணை.

தாமிரபரணிமேல் இருக்கும் சுலோசன முதலியார் பாலத்தை நாள்தோறும் கடக்கிறோம். சொந்தப் பணத்தில் அதைக் கட்டிக் கொடுத்தவரின் பெயர் 1843 முதல் ஊர் நாக்கில் இருக்கிறது, அது தகும். அதை வடிவமைத்த ஹார்ஸ்லியின் பெயரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரியுமா என்பது ஐயம். கணக்குப் போட்டவரை மறப்பதில் வருத்தமில்லை. கணக்கே வேண்டாம் என்று நினைக்கும்போதுதான் வலிக்கிறது.

சித்தப்பா மூன்றாம் தாளையும் முதல் தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். கட்டுவது அதே கொத்தனார் அண்ணாச்சி, கணக்கும் வருகையும் அந்தப் பொறியாளர். மாசி முதல் வாரம் மண் பரிசோதனை. இரண்டு இடத்தில் துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினார்கள். மேலே நான்கடிக்கு வண்டியில் கொண்டுவந்து கொட்டிய மண், அதன் கீழே சாம்பல் நிறக் களி. ஏழரை அடியில் கெட்டியான சுக்கான் படுகை தட்டியது. கொத்தனார் எழுதிய ஐந்தடி ஆழம் களியில் போய் உட்கார்ந்திருக்கும்.

அடித்தளங்களைச் சுக்கான்மேல் வைப்பது என்று முடிவாயிற்று. வானம் தோண்டிய அன்று நானும் போய் நின்றேன். வடகிழக்கு மூலைக் குழியில் மட்டும் எட்டடியிலும் சேறு வந்துகொண்டிருந்தது. இரண்டு துளையும் அந்த மூலையைத் தொடவில்லை. பொறியாளர் குழிக்குள் இறங்கி இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கரையில் நின்ற கொத்தனார் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "இந்த மூலை வழியாக ஒரு வாய்க்கால் போனது. சின்ன வயதில் இதில் மீன் பிடித்திருக்கிறேன்."

"இதை ஏன் அண்ணாச்சி முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார் பொறியாளர்.

"யாரும் கேட்கவில்லையே" என்றார் அவர்.

அந்தக் குழி மட்டும் பத்தரை அடிக்கு இறங்கியது. பொறியாளர் வரைபடத்தைக் குழிக்கரையிலேயே விரித்து, சிவப்பு மையால் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவைக் கொத்தனாரிடம் நீட்டினார். அவரும் தன் பெயரைப் பக்கத்தில் எழுதினார்.